அல்லியின் கழுத்துமணி

எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் ஒரு குழந்தை ஏறினால் பெரியவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்வோம். ஒருவர் மேலே ஓடும் விசிறியைப் பார்ப்பார். இன்னொருவர் தன் செருப்பைப் பார்ப்பார். "பாப்பா பேரென்ன, எந்த ஸ்கூலு" என்று கேட்டதெல்லாம் ஒரு காலம். இப்போது கேட்டு, குழந்தை எதற்கோ மிரண்டு, அதன் கழுத்திலிருக்கும் மணி நிறம் மாறிவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது?

நான் கோயம்புத்தூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். பஸ்கள் தாமாக ஓடக் கற்றுக்கொண்டதும் முதலில் டிரைவரை இறக்கிவிட்டார்கள், பிறகு என்னை. ஏறு, இறங்கு, உள்ளே தள்ளிப் போ என்று வாயாலேயே பிழைத்தவனுக்கு ஊமை வேஷம் எத்தனை கஷ்டம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் போட்டேன். பயம் வந்தால் மனிதன் எந்த வேஷமும் போடுவான்.

மணியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். குழந்தைக்கு மூன்று வயதானதும் கழுத்துக்குழியில் ஒட்டியிருக்கும்படி கட்டிவிடுவார்கள். பத்து வயதில்தான் கழற்றுவார்கள். சாதாரணமாகப் பால் வெள்ளையாக இருக்கும். குழந்தை கலங்கினால் மஞ்சள். பயம் உள்ளே ஆழமாகப் போய்த் தைத்துவிட்டால் சிவப்பு. இடி இடித்தோ நாய் குரைத்தோ பயந்தால் அது கணக்கில் வராது. பெரியவர் ஒருவரின் குரலைக் கேட்ட கையோடு வருகிற பயம் மட்டும்தான் கணக்கு. என்ன பேசினோம் என்பதை மணி பதியாது. வீட்டுப் பேச்சை அரசாங்கம் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று ஊரே சண்டை போட்டதில் அதை மட்டும் விட்டுவிட்டார்கள். அதனால் நிறம்தான் தெரியும். எந்தச் சொல் தைத்தது என்று நாம்தான் மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடத்துக்குள் மூன்று முறை சிவந்தால் வண்டி வரும். சாம்பல் நிற வண்டி, டிரைவர் கிடையாது. குழந்தையைத் தளிர் இல்லத்துக்குக் கூட்டிப்போய் ஒரு வருடம் வைத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வருடமும் பெற்றவர்கள் வகுப்புக்குப் போய்ப் பேசப் பழக வேண்டும். வண்டியை மறித்தால் ஒரு வருடம் என்பது மணி கழற்றும் வயது வரைக்கும் நீண்டுவிடும்.

சட்டம் வந்தபோது நானும் கைதட்டினேன். ஏன் தட்டக் கூடாது? பஸ்ஸில் நான் கேட்காத பேச்சா? "சனியனே, நீ பொறந்த நேரம்தான்டா எல்லாம்" என்று பெற்ற தாயே சொல்லக் கேட்டிருக்கிறேன். மார்க் குறைந்தால் வீட்டுப் படி ஏறாதே என்று அப்பன் சொன்னதை நம்பி, கடைசி நிறுத்தத்தில் இறங்கமாட்டேன் என்று சீட்டுக் கம்பியைக் கட்டிக்கொண்டு அழுத ஒரு பெண்ணை நானே சமாதானம் பண்ணி வீட்டில் விட்டிருக்கிறேன். மணி வந்தபின் அந்தப் பேச்செல்லாம் தெருவில் கேட்பதில்லை. நிஜமாகவே பல பிள்ளைகள் தப்பித்தன, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் பின் பிளாக்கில் தக்ஷன் என்றொரு பையன் இருக்கிறான். என் ஸ்கூட்டர் சீட்டில் மண்ணைக் கொட்டிவிட்டு ஓடுவான். பிடித்தால் கையைக் கடிப்பான். அவனை வண்டி கூட்டிப்போய் ஒரு வருடம் கழித்துக் கொண்டுவந்து விட்டது. இப்போது படியில் என்னைக் கண்டால் சுவரோடு ஒதுங்கி நின்று, "வணக்கம், நீங்கள் முதலில் செல்லுங்கள்" என்கிறான். அவன் மணி எப்போதும் சுத்த வெள்ளை. அவன் அம்மா என்னிடம் ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள், அவன் தூங்கும்போதும் கையைக் கட்டிக்கொண்டு நேராகப் படுத்திருக்கிறானாம்.

இதைக் கேட்ட நாளிலிருந்து அந்தச் சாம்பல் வண்டியைக் கண்டால் நான் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இருந்தாலும் திரும்பிவிடுவேன்.

என் எதிர்வீட்டில் பூபதியும் தாரணியும் இருக்கிறார்கள். பூபதிக்கு பம்ப் கம்பெனியில், மோட்டாரைச் சோதித்துப் பார்க்கிற பிரிவில் வேலை. தாரணி வீட்டிலிருந்தபடியே ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீசுக்கு வேலை செய்கிறாள். அவர்களுடைய ஒரே பெண் அல்லி, வயது ஆறு. கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவள். பஸ்ஸில் இவளைப் போல் இரண்டு பேர் ஏறினால் டிக்கெட் போட முடியாது.

பூபதிக்கு மகளைச் சீண்டாமல் பொழுது போகாது. நம் ஊரில் எல்லா அப்பன்களும் சொல்வதுதான்: உன்னை நாங்க பெறலை, தவிட்டுக்கு வாங்கினோம், சேட்டை பண்ணினால் திருப்பிக் குடுத்துட்டுத் தவிட்டை வாங்கிக்குவோம். இதைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை நம் பக்கத்தில் உண்டா? என் அப்பா என்னிடம் சொன்னார். நான் இரண்டு நாள் தவிட்டுக் கடைக்காரர் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டு திரிந்தேன், அவர் ஜாடை எனக்கு இருக்கிறதா என்று. அல்லி அப்படியெல்லாம் மிரள்கிற ஜாதியில்லை. எத்தனை மூட்டை என்று கேட்பாள். இவன் ஒன்று சொல்வான். போன தடவை வேறே சொன்னீங்களே என்று மடக்குவாள். கதவு திறந்திருந்தால் இந்தக் கூத்து என் வீடு வரைக்கும் கேட்கும்.

முதல் சிவப்பு ஆடிக் காற்று அடித்த ஒரு சாயங்காலம் வந்தது. அன்றைக்கு பம்ப் கம்பெனியில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். பூபதி வந்து ஷூவைக் கூடக் கழற்றாமல் விளக்குப் போடாத ஹாலில் உட்கார்ந்திருக்கிறான். அப்பாவுக்கு என்ன என்று அல்லி சுற்றிச் சுற்றி வந்து கேட்டிருக்கிறாள். ஒண்ணுமில்லை, போய் விளையாடு என்று தாரணி அனுப்பியிருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து இவனே மனதைத் தேற்றிக்கொண்டு, குழந்தையை மடியில் இழுத்துப்போட்டு வழக்கமான தவிட்டுப் பேச்சை ஆரம்பித்தான். அப்போதுதான் மணி கண்ணில் பட்டது. மிளகாய்ப்பழம் மாதிரி சிவந்திருந்தது.

அன்றோடு தவிட்டை விட்டான். தன் வாயில் தானே அடித்துக்கொண்டான் என்று தாரணி சொன்னாள்.

இரண்டாவது சிவப்பு வர ரொம்ப நாள் ஆகவில்லை. அல்லியின் பக்கத்து சீட்டுப் பெண்ணை வண்டி கூட்டிப்போய்விட்டது. சீட்டு ஏன் காலி என்று அல்லி வீட்டில் வந்து துளைத்தெடுத்திருக்கிறாள். அவளுக்கு ஒண்ணுமில்லை, ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்துவிட்டு, தட்டில் மீதி வைத்த சோற்றுக்காக, சாப்பிடலைன்னா டாக்டர் ஊசி போடுவார் என்று தாரணி ஒரு வார்த்தை சொன்னாளாம். கைகழுவ எழுந்தபோது மணி சிவப்பு. ஊசிதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். அந்த வீட்டில் ஊசி என்ற சொல்லும் ஒழிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக ஒழிந்தன. போலீஸ், பூச்சாண்டி, இருட்டு, கிணறு, சீக்கிரம், அடி, கொன்னுடுவேன் என்பதெல்லாம் போக, வேண்டாம் என்ற சொல்லைக் கூட எடுத்துவிட்டார்கள். ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி, "அல்லி, இப்போது பால் குடிக்கலாம்" என்று பூபதி சொல்வது எனக்குக் கேட்கும். சிரிப்பு கேட்காது. குக்கர் சத்தமும் நாற்காலி நகர்கிற சத்தமும்தான் அந்த வீட்டுப் பேச்சு என்று ஆகிவிட்டது.

ஆனால் மணி தேறவில்லை. தினமும் ஒரு முறையாவது மஞ்சளானது. அவர்கள் பயந்து பயந்து பேச, அந்தப் பெண் இவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க, எந்த நிமிஷம் மஞ்சள் சிவப்பாகுமோ என்று எல்லோரும் அவள் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழந்தை இளைத்துப்போனாள். பாவாடை நாடா இரண்டு சுற்று வருகிறது என்று தாரணி அழுதாள். என்னம்மா ஆச்சு என்று நான் கேட்கும்போதெல்லாம், ஒண்ணுமில்லைங்ணா என்றுதான் முதலில் சொல்வாள். அப்புறம்தான் அழுவாள்.

ஒரு நாள் மதியம் வராந்தாவில் அல்லி என் வழியை மறித்து நின்றாள். "கண்டக்டர் மாமா, எங்கூட ஏன் யாருமே பேச மாட்டேங்கறீங்க?" என்றாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பல்லைக் காட்டிச் சிரித்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பஸ் நிறைய ஆட்களைச் சமாளித்தவன், ஆறு வயதுப் பெண்ணுக்குப் பயந்து கதவுக்குப் பின்னால் நின்றேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் திறக்கவில்லை.

அந்த வாரம்தான் தாரணி முன் ஆய்வுக்கு எழுதிப் போட்டாள். மூன்றாவது சிவப்பு வருவதற்குள் கேட்டால் ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, எந்தப் பேச்சு குழந்தையைத் தைக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வார். ஆய்வின்போது அண்டை வீட்டுக்காரர் ஒருவர் சாட்சிக்கு இருக்க வேண்டும். அதற்குத்தான் என்னைக் கேட்டாள். யாரையாவது பிடித்துச் சொல்லி, இருக்கிற சிவப்பையே எடுத்துவிட முடியாதா என்று நான் கேட்டேன். எனக்குத் தெரிந்த கவுன்சிலர் ஒருவர் உண்டு.

"அதெல்லாம் முன்னாடிங்ணா," என்றாள் தாரணி. "பெரிய எடத்துல எல்லாரும் ஆள் புடிச்சு அழிச்சுட்டிருந்தாங்க. அப்படி அழிச்ச ஒரு வீட்டுல அந்தப் பையன் மாடியில இருந்து குதிச்சுட்டான். அதுக்கப்பறம் மனுசங்க கை படவே கூடாதுன்னு மாத்திட்டாங்க. ஆபீசரே நெனச்சாலும் முடியாதுங்."

சனிக்கிழமை காலை ஜெசிந்தா என்கிற அதிகாரி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, காட்டன் புடவை, கையில் தண்ணீர்ப் பாட்டில். பூதம் மாதிரி ஒருவரை எதிர்பார்த்திருந்த எனக்கு, ரேஷன் கடை வரிசையில் முன்னால் நிற்கிற அக்காவைப் பார்த்த மாதிரி இருந்தது. சாம்பல் வண்டியில்தான் வந்தார். ஆபீசில் வேறு வண்டி கிடையாதாம். அதை அல்லி பார்த்துவிடக் கூடாது என்று தாரணி பால்கனிக் கதவைச் சாத்தித் திரையும் இழுத்துவிட்டிருந்தாள்.

ஜெசிந்தா அல்லியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கையிலிருந்த சின்னக் கருவியால் மணியைத் தொட்டார். மணியைச் சுற்றி ஒரு நீலக்கோடு வந்தது. "இந்தக் கோடு இருக்கிற வரைக்கும் எது வந்தாலும் கணக்கில்லை. நீங்க எப்பவும் பேசுற மாதிரி பேசுங்க. நடிக்காதீங்க, நான் பார்க்கணும்," என்றார்.

இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. எப்போதும் எப்படிப் பேசினோம் என்பதே மறந்துபோயிருந்தது. கடைசியில் அவரே, முதல் சிவப்பு வந்த அன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று கேட்டார். அதை மட்டும் கேட்காதீங்க மேடம் என்றான் பூபதி. சொன்னால்தான் தெரியும் என்று அவர் விடவில்லை.

பூபதி தரையைப் பார்த்துக்கொண்டு, பரீட்சையில் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். "உன்னைத் தவுட்டுக்குத்தான வாங்குனோம்."

நாங்கள் எல்லோரும் மணியைப் பார்த்தோம். வெள்ளையாகவே இருந்தது. அல்லி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகம் மெதுவாக மலர்ந்தது.

"எத்தன மூட்டப்பா?"

"ரெ... ரெண்டு மூட்ட சாமி."

"பொய். போன தடவ மூணுன்னு சொன்னீங்க. ஒரு மூட்டய யார் தின்னா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாதம் ஆயிற்று! பூபதி முகத்தைத் திருப்பிக்கொண்டான். தாரணியால் தாங்க முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதுவிட்டாள். அல்லியின் சிரிப்பு நின்றது.

"ஏம்மா அழுவுற?"

"ஒண்ணுமில்ல சாமி," என்றாள் தாரணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மணி மஞ்சளானது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் கறுத்துச் சிவந்தது. நீலக்கோடு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் அதுதான் மூன்றாவது.

ஜெசிந்தா அசையவில்லை. மணி வெளுக்கும் வரைக்கும் காத்திருந்து, தாரணியை மறுபடியும் அதையே சொல்லச் சொன்னார். மறுபடியும் சிவந்தது. பூபதியைச் சொல்லச் சொன்னார். அதற்கும் சிவந்தது. ஊசி என்று சொல்லச் சொன்னார். மஞ்சள் லேசாக எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விட்டது. அவர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"அல்லி, அம்மா ஒண்ணுமில்லைன்னு சொன்னா உனக்கு ஏம்மா பயமா இருக்கு?"

அல்லி அம்மாவைப் பார்த்தாள், சொல்லலாமா என்று கேட்கிற மாதிரி. பிறகு சொன்னாள்.

"தம்பி வர்றான்னு சொன்னாங்க. அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து படுத்துட்டே இருந்தாங்க. நான் கேட்டேன். ஒண்ணுமில்லைன்னாங்க. தம்பி வரவேயில்ல. எங்க நாய் டைகர் வாந்தி எடுத்துச்சு, அப்பா தூக்கிட்டுப் போனாங்க. ஒண்ணுமில்லைன்னாங்க, அதுவும் வரல. பக்கத்து சீட்டு பிள்ளைக்கும் ஒண்ணுமில்லைன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "அப்பாவுக்கும் ஒண்ணுமில்லைன்னாங்க. அதனால நான் அப்பாவ தெனமும் பாத்துட்டே இருக்கறேன்."

தாரணிக்குக் குழந்தை கலைந்தது இந்த அடுக்ககத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். அல்லிக்குத் தெரியாது என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். அவளுக்குத் தம்பி என்ன ஆனான் என்பது மட்டும்தான் தெரியாது, மற்றதெல்லாம் தெரிந்திருந்தது.

"பாத்தீங்களா," என்றார் ஜெசிந்தா தணிந்த குரலில். "திட்டுறது, மிரட்டுறது, கேலி பண்றது எதுவுமில்லை. குழந்தை பயந்துடக் கூடாதுன்னு நீங்க சொல்ற வார்த்தைதான். நிறைய வீட்டுல இதைப் பார்க்கிறேன். அவங்களுக்கு உங்க முகம் தெரியும், குரல் தெரியும். ஏதோ இருக்குன்னு தெரியும். நீங்க இல்லைன்னு சொன்னா, அவங்களே ஒண்ணைக் கற்பனை பண்ணிக்குவாங்க. அது நிஜத்தை விடப் பெருசா இருக்கும்."

"அப்ப என்னங் மேடம் சொல்றது?" என்று கேட்டான் பூபதி.

"இருக்கிறதைச் சொல்லுங்க. அவளுக்குப் புரியிற அளவுக்குச் சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க, நான் இருக்கேன்."

பூபதி எழுந்து வந்து மகள் முன்னால் தரையில் உட்கார்ந்தான். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவள் கால்விரல்களைப் பிடித்துக்கொண்டான். பிறகு சொன்னான். தம்பி அம்மா வயிற்றிலேயே செத்துப்போனான் என்று சொன்னான். டைகரும் செத்துப்போனது, நான்தான் கொண்டுபோய்ப் புதைத்தேன் என்றான். கம்பெனியில் வேலை போனாலும் போகும் என்றான். உன் மணி இரண்டு தடவை சிவந்துவிட்டது, இன்னொரு தடவை சிவந்தால் உன்னை ஒரு வருடம் வேறு இடத்துக்குக் கூட்டிப்போவார்கள், உன் சிநேகிதியும் அங்கேதான் இருக்கிறாள் என்றான். ஒவ்வொன்றுக்கும் மணி மஞ்சளாகி, கொஞ்ச நேரம் நின்று, வெளுத்தது. அல்லி அழுதாள். ஆனால் சிவக்கவில்லை.

"உங்களுக்கு பயமா இருக்குதாப்பா?"

"ரொம்ப பயமா இருக்குது சாமி."

"எனக்கும்," என்றாள் அல்லி. அப்பாவின் தலைமயிரை ஒரு முறை அளைந்துவிட்டாள். மணி பால் வெள்ளையாக இருந்தது.

கடவுளே, இவ்வளவுதானா என்று இருந்தது. தாரணி பொங்கிப் பொங்கி அழுதாள், ஏன் அழுகிறாய் என்று மகள் கேட்டதற்கு, தம்பியை நெனச்சு அழுவறேன் என்றாள். அதற்கும் மணி மாறவில்லை. ஜெசிந்தா புன்னகை செய்தார். இனிமேல் பிரச்சினை வராது, அந்த ஒரு வார்த்தையை மட்டும் வீட்டை விட்டு விரட்டுங்கள் என்றார். காப்பி வந்தது. பூபதி எனக்கு இரண்டு முறை பிஸ்கட் நீட்டினான். அல்லி என்னிடம் வந்து, மாமா, நீங்க ஏன் அன்னைக்குக் கதவைச் சாத்துனீங்க என்று கேட்டாள். பயமா இருந்துச்சு பாப்பா என்று நிஜத்தைச் சொன்னேன். அவள் ஏற்றுக்கொண்ட மாதிரித் தலையாட்டினாள்.

ஜெசிந்தா கருவியால் மணியை மறுபடி தொட்டார். நீலக்கோடு மறைந்தது.

அத்தோடு அவர் போயிருக்கலாம். ஆனால் வந்தவரை வாசலோடு அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்துவது நமக்குப் பழக்கமில்லையே. அதுவும் பிள்ளையை மீட்டுக் கொடுத்தவரை. வண்டி வரைக்கும் வருகிறோம் என்று பூபதி கிளம்பினான், தாரணி கிளம்பினாள், சாட்சிக்கு வந்த நானும் கிளம்பினேன். அல்லி ஜெசிந்தாவின் விரலைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். வண்டி கீழே நிற்கிறது என்பதை அந்தச் சந்தோஷத்தில் யாருமே யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும், அவளுக்குத்தான் எல்லாம் சொல்லிவிட்டோமே என்று கூட்டித்தான் போயிருப்போம்.

வேப்பமர நிழலில் வண்டி நின்றது. ஜெசிந்தா பக்கத்தில் போனதும் கதவு தானாகத் திறந்தது. உள்ளே அவர் உட்காரும் சீட்டுக்கு எதிரே இன்னொரு சீட்டு இருந்தது. சின்னது. ஒரு குழந்தை உட்காருகிற அளவு. அதற்குப் பெல்ட் இருந்தது, மேலே ஒரு துணி முயல் வைத்திருந்தார்கள்.

அல்லி நின்றுவிட்டாள். விரலை விடவில்லை.

"ஆன்ட்டி, அந்தச் சின்ன சீட்டு யாருக்கு?"

ஜெசிந்தா குனிந்தார். காலையிலிருந்து வேலை செய்த களைப்பும், ஒரு வீட்டைக் காப்பாற்றிய நிறைவும் அந்த முகத்தில் இருந்தன. குழந்தையின் கன்னத்தைத் தட்டினார். அவரையும் ஒரு தாய் பெற்று, இடி இடித்த அன்றைக்கும் வீட்டில் சாவு விழுந்த அன்றைக்கும் ஒரே வார்த்தையைச் சொல்லித் தூங்கவைத்திருப்பாள் இல்லையா? அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து தானாக வந்தது.

"ஒண்ணுமில்லம்மா. சும்மா."

சொன்ன உடனே அவருக்குத் தெரிந்துவிட்டது. கை வாய்க்குப் போனது. ஆனால் மணி அதற்குள் மஞ்சளைத் தாண்டியிருந்தது. பட்டப்பகலில், வேப்பமர நிழலில், அது சிவந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் பேசியது. அன்பான குரல்தான். "அல்லி, வாம்மா. உள்ளே வந்து உட்காரு."

ஜெசிந்தா கருவியை மணியில் அழுத்தி அழுத்திப் பார்த்தார். நீலக்கோடு வரவில்லை. வண்டியைப் பார்த்துக் கத்தினார். "அது என் குரல். அவங்க அப்பா அம்மா இல்லை, நான்தான் சொன்னேன். நான் ஆபீசர்." வண்டிக்கு அதெல்லாம் தெரியாது. பெரியவர் குரல் என்றால் அதற்குப் பெரியவர் குரல். மனிதர் கை படக் கூடாது என்று எழுதினவர்கள், மனிதர் கை வேண்டியிருக்கும் ஒரு நாளை யோசிக்கவில்லை. "அல்லி, வாம்மா," என்று அதே அன்போடு மறுபடியும் கூப்பிட்டது.

தாரணி மகளை இழுத்து இடுப்போடு கட்டிக்கொண்டாள். மறித்தால் பத்து வயது வரைக்கும் என்று அவளுக்கும் தெரியும். பூபதி அவள் கையைப் பிரித்தான், பிரித்த கையாலேயே தானும் பிடித்துக்கொண்டான், பிறகு விட்டான். அவன் வாய் திறந்து திறந்து மூடியது. என்ன சொன்னாலும் இன்னும் என்ன ஆகிவிடுமோ என்று பயம். நானும் பேசவில்லை. எனக்கு வாய் இருந்தது என்பதே மறந்துவிட்டது.

அல்லிக்குத் தன் கழுத்து தெரியாது. ஆனால் எங்கள் முகங்களைச் சுற்றிப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்ன சீட்டையும் முயலையும் பார்த்தாள். கழன்றிருந்த செருப்பு வாரைக் குனிந்து தானே போட்டுக்கொண்டாள்.

பூபதி முழங்காலில் உட்கார்ந்துவிட்டிருந்தான். அவன் முகம் அவள் உயரத்துக்கு வந்திருந்தது. அல்லி தன் பாவாடை நுனியால் அவன் கண்ணைத் துடைத்தாள். பெரிய மனுஷி மாதிரி, குரலைத் தணித்துச் சொன்னாள்.

"ஒண்ணுமில்லப்பா."

ஏறி உட்கார்ந்தாள். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

நான் பூபதியின் கழுத்தைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் இல்லை. பெரியவர்களுக்கு மணி கட்டுவதில்லை.